காளி சாய்த்த பன்றி

ஒற்றை ஆண் பன்றியை ஒரே நாய் சாய்க்குமா? தேனி மாவட்டத்தில் கோம்பைப் பக்கம் நாய் வளர்க்கிறவர்கள் கூடினால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். சாய்க்கும் என்று அடித்துச் சொல்கிறவரிடம் “நீங்கள் பார்த்தீர்களா?” என்றால், பார்த்தவர் அவருடைய தாத்தாவாக இருப்பார். சிப்பிப்பாறை வளர்க்கிறவர்களும் இராஜபாளையம் வளர்க்கிறவர்களும் இதே கதையைத் தங்கள் நாயின் பேரில் சொல்வார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. இனி யாரும் சோதித்துப் பார்க்க முடியாது என்பதாலேயே கதைக்கு மவுசு கூடுகிறதோ என்னவோ. இதன் அடி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் பன்றியைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நம் காடுகளில் நன்றாக வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவைத் தாண்டும். நம்மூர் வேட்டை நாய் முப்பது கிலோ வந்தாலே பெரிது. பன்றியின் கீழ்த்தாடைக் கோரைப்பல் மேற்பல்லோடு உரசி உரசித் தானே கூர் ஏறிக்கொள்ளும். அது கடிப்பதைவிட, தலையைத் தாழ்த்தி மேல்நோக்கி வீசிக் கிழிப்பதுதான் அதிகம். போதாததற்கு ஆண் பன்றியின் தோள்பட்டையில் தோலுக்கடியில் கேடயம்போல் தடித்த திசு. அங்கே நாயின் பல் எளிதில் இறங்காது. தாடை வலுவைக் கணக்குப் போட்டு எந்த நாய் பெரிது என்று வாதிடுகிறவர்கள், எதிரே நிற்பதும் ஒரு மிருகம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

“நாய் பன்னியக் கொல்லாது தம்பி, நிறுத்தி வைக்கும்” என்றார் சின்ன வயதில் வேட்டைக்குப் போன ஒரு பெரியவர். “ஒண்ணு மூஞ்சிக்கு முன்னால நின்னு குலைக்கும். ஒண்ணு காதப் பிடிக்கும். இன்னொண்ணு பின்னங்கால. நாம வேல்கம்போட போய்ச் சேர்ற வரைக்கும் அதத் திரும்ப விடாது. அம்புட்டுத்தான் நாய் வேலை.”

“நாய் தனியா மாட்டிக்கிட்டா?”

“குடல அள்ளி உள்ள வச்சுத் தைக்க வேண்டியதுதான். மடியில ஊசி நூல் இல்லாம யாரும் மலையேற மாட்டோம்.” அப்படித் தைத்துப் பிழைத்த நாய் மறுபடியும் பன்றிமேல் போகுமா என்று கேட்டேன். சில நாய் போகும், சில நாய் அதோடு வீட்டு வாசலைத் தாண்டாது என்றார். நாயின் பலம் என்று நாம் பேசுவதில் பாதி கூட்டத்தின் பலம், மீதி பின்னால் ஓடிவரும் ஆளின் பலம் என்று அவரிடம் பேசிய பிறகு எனக்குப் பட்டது. செந்நாய்க்கு ஆள் துணைகூடக் கிடையாது. இருபது கிலோவுக்குள் இருக்கும் அது, கூட்டமாகச் சேர்ந்து கடமானையே தள்ளிவிடுகிறது.

சரி, ஒற்றை நாய்க் கதை? நடுகற்கள் பக்கம் திரும்பினேன். பன்றியைக் குத்திப் பட்டவனுக்கும் புலியைக் குத்திப் பட்டவனுக்கும் தமிழ்நாட்டில் கல் உண்டு. சிலவற்றில் கூடவே நாயும் இருக்கும், பெயரில்லாமல். பெயரோடு நிற்கும் நாய் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்தது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் அது. எருமைகளைக் காத்துச் செத்த வீரனோடு கோவிவன் என்ற அவன் நாயும் அதில் உண்டு. ஆனால் கோவிவன் கடித்தது இரண்டு கள்ளர்களை. எனக்கு வேண்டியது பன்றி.

பன்றி கர்நாடகத்தில் இருந்தது. மண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்து ஆதகூர்க் கல், இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில். சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949-50. சோழ வரலாறு படித்தவர்களுக்கு இந்தக் கல்லைத் தெரிந்திருக்கும், ஆனால் நாய்க்காக அல்ல. அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்தில் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இறந்தானே, அந்தப் போரைச் சொல்லும் முக்கியமான சான்று இது. கங்க மன்னன் பூதுகன் அவனை வஞ்சகமாகக் கொன்றானா, யானை அம்பாரியையே போர்க்களமாக்கி நேருக்கு நேர் கொன்றானா என்று ஒரே ஒரு தொடரை வைத்து அறிஞர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கல்லின் முன்னால் போய் நின்றால் இராசாதித்தன் எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறான். கண்ணில் படுவது ஒன்றோடொன்று மோதும் பன்றியும் நாயும்தான்.

கதை இதுதான். இராட்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனுக்காகத் தக்கோலத்தில் போரிட்ட பூதுகனுக்கு வனவாசி பன்னீராயிரம் முதலிய நாடுகள் பரிசாகக் கிடைத்தன. அவனுடைய வீரன் மணலேரனும் அங்கே சளைக்காமல் நின்றவன். வேண்டியதைக் கேள் என்றபோது அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. ஊரும் பிறகு கிடைத்தது என்று வையுங்கள், ஆனால் வாய்விட்டுக் கேட்டது நாயை. கேளலை நாட்டு பெளதூருக்கு மேற்கே ஒரு குன்றில் பெரிய பன்றிமேல் காளியை விட்டார்கள். பன்றியும் நாயும் சேர்ந்தே செத்தன.

ஆக, நான் போய்ச் சேர முடிந்த மிகப் பழைய ஒற்றை நாய்க் கதையில் நாய் உயிரோடு திரும்பவில்லை. அதுவும் “விட்டார்கள்” என்றால் குன்றில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். வேறு நாய்களும் இருந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். அரசன் கொடுத்த நாய் செத்த இடத்தில் மற்ற நாய்களின் பெயரை யார் பொறிக்கப் போகிறார்கள்? பன்றியின் முகத்துக்கு நேரே போனது காளி என்பதை மட்டும் நம்புகிறேன். இன்று அதை முதோள் என்று சொந்தம் கொண்டாடுகிறவர்கள் உண்டு. கல்லில் இனம் இல்லை, நிறமும் இல்லை.

காளிக்காக ஆதகூரில் சல்லேசுவரர் கோயில் முன்னால் இந்தக் கல்லை நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். அதோடு ஒரு நிபந்தனை. அந்த நிலத்தை அனுபவிக்கும் கோயில் பூசாரி இந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால், நாய் செய்த பாவமெல்லாம் அவனைச் சேரும். நிலத்தை அழிப்பவனுக்கும் அதே கதிதான். காளி அப்படி என்ன பாவம் செய்திருக்கும் என்று அருங்காட்சியகக் காவலாளியிடம் கேட்டேன். “எத்தனை பன்றியைக் கடித்ததோ” என்றார் அவர்.