ஸ்லோ சார்ஜரும் அம்மாவின் குடமும்

இந்தப் பக்கம் எழுதி ரொம்ப நாளாச்சு. ஆடிட், இன்ஸ்பெக்ஷன், குவார்ட்டர் எண்ட் என்று வழக்கமான சாக்குகள்தான். இன்றைக்கு பேங்க் கதை இல்லை, பயப்படாதீங்க. கார் கதை.

வீட்டில் மின்சாரக் காருக்கு வேகமான சார்ஜர் மாட்டலாமா வேண்டாமா என்று ரெண்டு மாசம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். நம்மவர்கள் நிறையப் பேர் இதே யோசனையில் இருப்பதாகத் தெரிகிறது. அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இது.

முதலில் கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

என் பழைய கார் 2014-ல் வாங்கிய டீசல் வண்டி. தில்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவு போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆக, 2024 மார்ச்சில் வண்டிக்குக் கெடு முடிந்தது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, 35 யூனிட் பேட்டரி உள்ள மின்சாரக் காரை வாங்கினேன். காரணம் சட்டம் மட்டும் இல்லை. அப்பா போன பிறகு மாயவரத்து வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா எங்களோடு வந்துவிட்டார். அம்மாவுக்கு ஆஸ்துமா. தில்லிப் புகையில் நம்ம பங்காவது குறையட்டுமே என்று ஒரு நினைப்பு.

வீடு மயூர் விஹாரில் தரைத்தளம், கார் வாசலிலேயே நிற்கும். பாத்ரூம் கீசருக்குப் போகிற லைனிலிருந்து ஒரு வயரை ஜன்னல் வழியாக வெளியே இழுத்து, ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வைத்தார் தெரு எலக்ட்ரீஷியன். "அப்புறம் ஒழுங்காப் பண்ணிக்கலாம்" என்றேன். அந்த அப்புறம் எட்டு மாசம் வரவே இல்லை. நம்ம ஊர் டெம்பரரி எல்லாம் எப்படி பெர்மனென்ட் ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

2024 நவம்பரில் பிளக் சூடாக ஆரம்பித்தது. ஒரு ராத்திரி பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. பிடுங்கிப் பார்த்தால் ஒரு பின்னைச் சுற்றிப் பழுப்பாக இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் சார்ஜ் போடப் பயம். ஞாயிற்றுக்கிழமை வெளியே போய் சார்ஜிங் ஸ்டேஷனில் ஏற்றுவது, வாரம் முழுக்க அதையே இழுத்துப் பிடித்து ஓட்டுவது என்று ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 18. அன்றைக்கு தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. முந்தின நாள் போக வேண்டிய சார்ஜிங் ஸ்டேஷனுக்குப் போகவில்லை, சோம்பேறித்தனம். காஜியாபாத் கிளையில் இன்ஸ்பெக்ஷன் முடித்து ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். பேட்டரி 8 சதவீதம். நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று படுத்துவிட்டேன்.

ஒன்றரை மணிக்குத் தங்கமணி எழுப்பினாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். இன்ஹேலர் கேட்கவில்லை. உதடு கொஞ்சம் நீலம் பாய்ந்தாற்போல எனக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரி ஒன்பது கிலோமீட்டர். எட்டு சதவீதத்தில் அநேகமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அம்மாவை ஏற்றிக்கொண்டு, எதிரே பத்தடி தெரியாத புகையில், அந்த "அநேகமாக"வை நம்பி வண்டியை எடுக்க என்னால் முடியவில்லை. எதிர்வீட்டு சர்தார்ஜி கதவைத் தட்டினேன். மனுஷர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பைஜாமாவோடு வந்து, "சலியே மாதாஜி" என்று தன் பழைய பெட்ரோல் காரில் ஏற்றிக்கொண்டு போனார். நெபுலைசர், ஸ்டீராய்டு ஊசி என்று போட்டு, விடியற்காலையில்தான் அம்மாவுக்கு மூச்சு சீரானது.

மறுநாளே முடிவு பண்ணிவிட்டேன்: என்ன செலவானாலும் சரி, வேகமான சார்ஜர். தங்கமணியும் அதே கட்சி. "இதுல கணக்குப் பார்க்காதீங்க" என்றாள். பி.காம். படித்து இருபது வருஷத்துக்கு மேல் பேங்கில் குப்பை கொட்டுகிறவனிடம் சொல்லுகிற பேச்சா இது? பார்த்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது: சுவரில் மாட்டுகிற அந்தப் பெட்டி உண்மையில் சார்ஜரே இல்லை. ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. பெட்டி, காரோடு பேசிப் பார்த்து, பத்திரமாகக் கரண்டைத் திறந்துவிடும் காவல்காரன்தான். காருக்குள் இருப்பது 3.3 கிலோவாட் என்றால், வெளியே எத்தனை பெரிய பெட்டி மாட்டினாலும் அதற்கு மேல் ஏறாது. என் காரில் 7.2 கிலோவாட் வரை ஏறும். சாதா பிளக்கில் பத்து சதவீதத்திலிருந்து முழுசாக ஏற பதிமூன்று மணி நேரத்துக்கு மேல். 7.2-ல் ஐந்து மணி நேரம்.

அடுத்தது கரண்ட் பில். எங்கள் வீட்டு சாங்ஷன்ட் லோடு 5 கிலோவாட். அப்போதைய தில்லிக் கட்டணப்படி கிலோவாட்டுக்கு மாதம் 50 ரூபாய், ஆக 250. பெட்டிக்காக அதை 12 ஆக்கினால், 5-க்கு மேல் 15 வரை கிலோவாட்டுக்கு 100 ரூபாய். அதுவும் மொத்த லோடுக்கும். மாதம் 1,200. ஒரு யூனிட் ஓட்டாமலேயே வருஷத்துக்கு 11,400 ரூபாய் கூடுதல். இன்னொன்று, அப்போது தில்லியில் 200 யூனிட் வரை இலவசம், 400 வரை பாதி மானியம். எங்களுக்கு சாதாரண மாதத்தில் 260 யூனிட். கார் ஒரு 165 யூனிட் குடிக்கும். கூட்டினால் 425. இருபத்தைந்து யூனிட்டுக்காக மானியம் முழுசும் போச்சு!

இதற்கு வழி, மின்சார வண்டிக்கென்று தனி மீட்டர். அப்போது யூனிட் 4.50 ரூபாய், நிலைக்கட்டணம் கிடையாது. விநியோக நிறுவனத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். எந்த சார்ஜர் மாட்டினாலும் தனி மீட்டர் வாங்குங்கள். நான் எட்டு மாசம் வாங்காமல் விட்டது முட்டாள்தனம்.

தனி மீட்டர் என்றால் நிலைக்கட்டணத் தடையும் இல்லையே, அப்புறம் பெட்டியை மாட்ட வேண்டியதுதானே? பெட்டி, வேலை எல்லாம் சேர்த்து எனக்குச் சொன்ன விலை 52,000. கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் கணக்கில் ஒரு இடம் இடித்துக்கொண்டே இருந்தது. என் தினசரி ஓட்டம் 40 கிலோமீட்டர், ஆறு யூனிட் சொச்சம். சாதா பிளக்கில் மூன்று மணி நேரத்து வேலை. வண்டியோ ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் சும்மா நிற்கிறது. சரி, அந்த ராத்திரி? ஒன்பது மணிக்கு இந்த ஸ்லோ சார்ஜரில் மாட்டியிருந்தாலே ஒன்றரைக்குள் குறைந்தது 60 கிலோமீட்டருக்கு ஏறியிருக்கும். ஆஸ்பத்திரி ஒன்பது கிலோமீட்டர்!

ஆக, அன்றைக்கு இல்லாமல் போனது வேகம் இல்லை. நான் மாட்டவே இல்லை. பிளக்கைத் தொடப் பயந்தேன், பயத்தைச் சரிசெய்யாமல் தள்ளிப்போட்டேன். கீசர் கால் மணி நேரம் ஓடுவதற்குப் போட்ட வயரில், லூஸான பிளக்கில், எட்டு மணி நேரம் விடாமல் கரண்ட் இழுத்தால் அது சூடாகாமல் என்ன செய்யும்? 52,000 ரூபாய் பெட்டிக்கு அலைந்ததில் பாதி, அந்த ராத்திரிக்கு நானே எனக்குப் போட்டுக்கொள்ள நினைத்த அபராதம் என்று நினைக்கிறேன்.

இதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுசாகக் கேட்டாரா என்றுகூடத் தெரியாது. கீரை ஆய்ந்துகொண்டே, "மாயவரத்துல நம்ம குழாய்ல நூல் மாதிரிதான் தண்ணி வரும். ராத்திரி குடத்தை ரொப்பி வெச்சுட்டுப் படுப்பேன். ஒரு நாள் தண்ணி இல்லேன்னு இருந்திருக்கியாடா நீ?" என்றார்.

பேங்க்காரன் நான். டெபாசிட்டில் இத்தனை சதவீதம் ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாக வைத்தே ஆக வேண்டும் என்பதை வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே நெட்டுரு போட்டவன். வீட்டு வாசலில் ரொக்கக் கையிருப்பு எட்டு சதவீதத்தில் தூங்கியிருக்கிறேன்!

2025 ஜனவரியில் செய்தது இதுதான். தனி மீட்டர். மீட்டரிலிருந்து நேராக 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, பிற்பாடு 7.2 வேண்டுமென்றாலும் தாங்கும். தனி எம்.சி.பி., 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., புதிதாகத் தோண்டிய எர்த்திங், நல்ல தரமான 16 ஆம்பியர் சாக்கெட். மொத்தம் 19,000 சொச்சம். பெட்டி மாட்டவில்லை. வீட்டில் ரெண்டு மின்சாரக் கார் இருந்தாலோ, ஒரே நாளில் 200 கிலோமீட்டர் ஓடிவிட்டு மறுபடி கிளம்புகிற பிழைப்பு என்றாலோ பெட்டி அவசியம்தான், நானே மாட்டியிருப்பேன். எங்களுக்குத் தேவை ஒரு விதி மட்டும்: பேட்டரி ஐம்பதுக்குக் கீழே இருக்க, யாரும் படுக்கப் போகக்கூடாது.

தங்கமணிக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. "ஒரு வேளை..." என்று ஆரம்பிப்பாள், முடிக்க மாட்டாள். அந்த ஒரு வேளைக்கு என்னிடமும் பதில் இல்லை. சர்தார்ஜி இருக்கிறார்.

அம்மா மட்டும் தினமும் ராத்திரி, விளக்கை அணைப்பதற்கு முன்னால், உள்ளேயிருந்து கேட்கிறார்:

"வண்டிக்கு ரொப்பிட்டியாடா?"

ரொப்பிட்டேம்மா.