கரை சேர்ந்த பிறகு என்று சொல்லாதீர்கள்





கோடியக்கரையில் நின்று தென்கிழக்கே நோக்கினால் நீர்ப்பரப்பைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தென்படாது. ஆயினும் என் உம்மா அங்கே வரும்போதெல்லாம் அத்திசையை நோக்கி நின்று, "லாத்தா அங்கேதான் இருக்காங்க" என்பார்கள். லாத்தா என்பது அவர்களுடைய மூத்த சகோதரி, எனக்குப் பெரியம்மா. 1969இல் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்த ஒரு வணிகருக்கு வாழ்க்கைப்பட்டுச் சென்றவர்கள். இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 1983இன் தொடக்கத்தில் எங்கள் பாட்டியின் மறைவுக்கு வந்து, கைக்குழந்தையாக இருந்த என்னை மடியில் வைத்திருந்துவிட்டுத் திரும்பினார்களாம். அதன்பின் சகோதரிகள் இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை.

போர் வந்தது. கப்பல் நின்றது. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, பெரியம்மாவின் குடும்பமும் உடுத்திய உடையோடு புத்தளம் போய்ச் சேர்ந்தது. போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின்னரே அவர்கள் சோனகத் தெருவுக்குத் திரும்பினார்கள். தொலைபேசியில் மட்டும் உறவு உயிரோடிருந்தது.

இந்தக் கட்டுரை கப்பல் பயணத்தைப் பற்றியது. என் தவறு ஒன்றைப் பற்றியதும்தான். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்திற்கு விமானம் வந்தபோதே நான் உம்மாவை அழைத்துச் சென்றிருக்கலாம். உம்மாவுக்கு விமானமென்றால் அச்சம்; எனக்குச் செலவென்றால் தயக்கம். "நாகையிலிருந்து கப்பல் விடப்போகிறார்களாம், பொறுங்கள் உம்மா" என்று சொல்லிச் சொல்லியே ஆண்டுகளைக் கழித்தேன். 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' என்னும் கப்பல் புறப்பட்டது. வடகிழக்குப் பருவமழையின் காரணமாகச் சில நாட்களிலேயே அச்சேவை நிறுத்தப்பட்டது. "தை பிறந்ததும் போகலாம்" என்றேன். அந்தத் தை மாதத்தில்தான் பெரியம்மா வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். எங்கள் பள்ளிவாசலில் ஜமாஅத்தார் ஒன்றுகூடி ஃகாயிப் ஜனாஸாத் தொழுகை நிறைவேற்றினோம். உம்மா என்னிடம் ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெருஞ்சுமையாக இருந்தது.

2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்னும் கப்பலுடன் சேவை மீண்டும் தொடங்கியது. மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில் மறுபடியும் தொடர்ந்தது. அவ்வாண்டு ரமளான் முடிந்ததும் உம்மா, "லாத்தாவோட பிள்ளைகளையாவது பார்த்துட்டு வரணும், தம்பி" என்றார்கள். தாயின் சகோதரி தாயின் நிலையில் உள்ளவர் என்பது நபி (ஸல்) அவர்களின் வாக்கு. அந்த நிலையில் இருந்தவருக்குச் செய்யத் தவறியதை அவருடைய மக்களுக்காவது செய்வோம் என்று ஷவ்வால் மாதத்தில் புறப்பட்டோம்.

சிறு கப்பலில் செல்ல எண்ணும் சகோதரர்களுக்காக நான் கண்டறிந்த சிலவற்றைச் சொல்கிறேன். நாகையிலிருந்து காங்கேசன்துறை ஏறத்தாழ 110 கிலோமீட்டர். கடல் அமைதியாக இருந்தால் நான்கு மணி நேரப் பயணம். கப்பலில் ஏறத்தாழ 150 பேர் அமரலாம். உட்புறம் குளிரூட்டப்பட்ட பேருந்து போன்றது. வரிசை வரிசையாக இருக்கைகள் இருக்கும். கடவுச்சீட்டு கட்டாயம் வேண்டும்; இலங்கைக்கான முன் அனுமதியை இணையத்திலேயே பெறலாம். பொதிக்கு எடை வரம்பு உண்டு. காற்றையும் அலையையும் பொறுத்துச் சேவை நிறுத்தப்படக்கூடும் என்பதால், திரும்பும் நாளை ஒட்டி முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

போகும்போது கடல் அமைதியாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். கோடியக்கரை கலங்கரை விளக்கம் வலப்பக்கம் தொலைவில் மெல்லியதொரு கோடாகத் தெரிந்தது. உம்மா கண்ணாடியருகே அமர்ந்து, "இத்தனை நாள் அங்கேருந்து இங்கே பார்த்தேன், இன்னிக்கு இங்கேருந்து அங்கே பார்க்கிறேன்" என்றார்கள்.

சோனகத் தெருவில் பெரியம்மாவின் மூத்த மகள் உம்மாவைக் கண்டதும் பேச்சற்று நின்றார்கள். முகச்சாயல் அப்படியே பெரியம்மாவுடையது என்று பின்னர் சொன்னார்கள். நாங்கள் தங்கியது மூன்று நாட்கள். மையவாடிக்கு நான் மட்டும் உள்ளே சென்று ஸலாம் உரைத்து துஆச் செய்தேன். உம்மா வாயிலில் நின்றார்கள். வெளியே வந்த என்னிடம், "வந்துட்டேன்னு சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்கள்.

திரும்பும் பயணத்தில்தான் எனக்குப் பாடம் காத்திருந்தது. இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்குக் கப்பலில் தொழும் சட்டத்தை ஃபிக்ஹ் நூல்களிலிருந்து நடத்தி வருகிறேன். நிற்க இயன்றவர் ஃபர்ளை நின்றே தொழ வேண்டும். தலைசுற்றலோ விழுந்துவிடும் அச்சமோ இருப்பின் அமர்ந்து தொழலாம். கிப்லாவை நோக்க வேண்டும். கப்பல் திரும்பினால் தாமும் திரும்ப வேண்டும். இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அதுவரை கப்பலில் ஒரு ரக்அத்தும் நான் தொழுததில்லை.

லுஹர் நேரம் நுழைந்தபோது நாங்கள் காங்கேசன்துறையில் குடியகல்வுச் சோதனை வரிசையில் நின்றிருந்தோம். கப்பலில் தொழுதுகொள்ளலாம் என்று ஏறிவிட்டோம். புறப்பட்ட அரைமணி நேரத்தில் காற்று வலுத்தது. கப்பல் பக்கவாட்டில் அசைய அசைய எனக்குக் குமட்டல் தொடங்கியது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். உம்மாவும் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்கள். அப்போது நான் சொன்னேன்: "உம்மா, நாம் முஸாஃபிர்கள். லுஹரை அஸரோடு சேர்த்துக் கரை சேர்ந்த பிறகு தொழுதுகொள்ளலாம்."

ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு இடமுண்டு. பயணி பிந்திய நேரத்தில் சேர்த்துத் தொழும் நிய்யத்தோடு முந்திய தொழுகையைப் பிற்படுத்தலாம். நான் சொன்ன சட்டம் சரியானதே. ஆனால் உம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "கப்பல் வரட்டும், கப்பல் வரட்டும்னு ஒரு தடவை தள்ளிப்போட்டது போதாதா, தம்பி? கரைக்குப் போய்ச் சேர்றது நம்ம கையிலயா இருக்கு?" என்றார்கள்.

ஆண்டுக்கணக்கில் சொல்லாமல் வைத்திருந்த சொல் அது. சலுகையை நான் மார்க்கத்திற்காக எடுக்கவில்லை, என் சோர்வை மறைப்பதற்காகவே எடுத்தேன் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உளூவுடன்தான் கப்பலில் ஏறியிருந்தோம். வாந்தியால் உளூ முறியாது என்பது எங்கள் மத்ஹப். ஹனஃபி மத்ஹபில் வாய் நிறைய வந்தால் முறியும். நான் வாயையும் ஆடையில் பட்ட இடத்தையும் கழுவி வந்தேன். கைப்பேசியின் திசைகாட்டி இரும்புக் கப்பலுக்குள் நிலைகொள்ளாமல் சுழன்றது. ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். வடக்கு நோக்கிச் செல்கிறோம் என்றார். ஆக, கிப்லா எங்கள் இடப்பக்கம், சற்று முன்னே. பிற்பகல் சூரியனும் அப்பக்கமே இருந்ததால் ஐயம் நீங்கியது. உம்மா இருக்கையிலேயே இடப்புறமாகத் திரும்பி அமர்ந்து, ருகூவுக்குச் சற்றும் ஸுஜூதுக்கு அதைவிடத் தாழ்வாகவும் குனிந்து தொழுதார்கள். நான் எழுந்து தக்பீர் கட்டிப் பார்த்தேன், கால் நிற்கவில்லை. நானும் அமர்ந்தே தொழுதேன். லுஹர் இரண்டு, அஸர் இரண்டு. அஸரை முற்படுத்திச் சேர்த்துக்கொண்டோம். ஸலாம் கொடுத்தபின்தான் கவனித்தேன். எங்கள் ஊர்க் கரையும் அதே திசையில்தான் இருந்தது.

கடலில் குமட்டலும் வாந்தியும் கண்டு துன்புறுபவருக்கு ஷஹீதுடைய கூலி உண்டு என்னும் கருத்தில் உம்மு ஹராம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. கடற்பயணம் செல்லும் கூட்டத்தில் தாமும் இருக்க வேண்டுமென நபி (ஸல்) அவர்களிடம் துஆக் கேட்டு, பிற்காலத்தில் அவ்வாறே கடல் கடந்து சைப்ரஸ் தீவில் மறைந்த அம்மையார் அவர்கள். அந்த ஹதீஸை நான் உம்மாவிடம் சொன்னபோது, "அப்ப உனக்குத்தான் இன்னிக்குக் கூலி அதிகம்" என்று சிரித்தார்கள். மூன்று நாட்களுக்குப் பின் கண்ட சிரிப்பு அது.

ஆகவே சகோதரர்களே, அனுபவத்தில் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்:

கப்பலேறும் முன் உளூச் செய்துகொள்ளுங்கள். உள்ளே இடம் நெருக்கம். குடிநீர் குறைவாக இருந்தால் கடல்நீரில் உளூச் செய்வது முழுமையாகக் கூடும். கடலில் செல்வோர் கேட்ட இதே கேள்விக்கு நபி (ஸல்) அவர்கள் அந்த நீர் தூய்மையானது என்று விடையளித்துள்ளார்கள்.

எளிய உணவை முன்கூட்டியே உண்ணுங்கள். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, புறப்படும் முன்பே உட்கொள்ளுங்கள். வாந்தி தொடங்கியபின் அது வயிற்றில் தங்காது. கப்பலின் நடுப்பகுதியில் அசைவு குறைவு. கைப்பேசியைப் பார்க்காமல் அடிவானத்தைப் பாருங்கள்.

முதிய பெண்கள் கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் அருந்தாமல் இருப்பார்கள். என் உம்மாவும் அப்படித்தான் இருந்தார்கள். நாமே கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

போய்ச்சேரும் ஊரில் வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்கும் நிய்யத் இருந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ர் இல்லை. ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாட்கள். புறப்படும் முன் உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. கடலுக்கு அப்பால் உங்களுக்கொரு லாத்தாவோ காக்காவோ மாமியோ இருந்தால், வசதியான கப்பலுக்காகக் காத்திராதீர்கள். இயன்ற வழியில், இயன்ற மாதத்தில் சென்று பாருங்கள். கப்பல் ஒருநாள் வந்துவிடும். அன்று கரையில் யார் இருப்பார் என்பதை அல்லாஹ் மட்டுமே அறிவான்.

என் பெரியம்மாவின் மஃக்ஃபிரத்துக்காக துஆச் செய்யுங்கள். உறவுகளைச் சேர்ந்து வாழும் தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.