ரெண்டு பாட்டில்

வழக்குக் கட்டை என் கையில் கொடுத்த சீனியர் கேட்டது ஒன்றே ஒன்று: “எத்தனை பாட்டில்ல பிடிச்சிருக்காங்க பார்.” புகார், மகஜர், ஆய்வறிக்கை எல்லாவற்றையும் புரட்டினேன். எங்கு பார்த்தாலும் ஒரு பாட்டில்தான். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “அப்ப கேஸ் முடிஞ்சுது” என்றார் சீனியர்.

1992-ஆம் வருஷம். வேலூர்ப் பக்கம் அப்போது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். எங்கள் கட்சிக்காரர் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்தவர். கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் ஓடையில் விட்டார் என்று 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின் கீழ் வழக்கு. நிரூபணமானால் அன்றைக்குக் குறைந்தது ஒன்றரை வருஷம் உள்ளே போக வேண்டியிருந்தது. விளையாட்டு இல்லை.

ஆனால் அதே சட்டத்தில் 21-ஆம் பிரிவும் இருக்கிறது. கழிவுநீர் மாதிரி எடுக்கும் அதிகாரி, ஆய்வுக்கு அனுப்பப் போவதாக முதலாளிக்கு நோட்டீஸ் தர வேண்டும். அவர் கண்ணெதிரே மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு பாட்டிலுக்கும் சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆய்வகத்துக்குப் போகும். முதலாளி கேட்டால் மற்றது வேறு ஆய்வகத்துக்குப் போகும். இதில் பிசகினால் அந்த ஆய்வறிக்கை சாட்சியமாகாது. 1986-இலேயே டில்லி உயர் நீதிமன்றம் ஒரு கம்பெனி வழக்கில் இந்தப் பிரிவை வைத்துத்தான் அறிக்கையை ஒதுக்கியது. அந்தத் தீர்ப்பின் நகலும் கட்டில் இருந்தது.

மாதிரி எடுத்த அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை. “எத்தனை பாட்டில்?” “ஒன்று.” “சீல் யார் வைத்தது?” “ஆபீசுக்கு வந்து வைத்தோம்.” உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயது. என்னைப் பற்றி எனக்கே ரொம்பப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது சாட்சியாக வந்தவர் பக்கத்து நிலத்துக்காரர். வயசு அறுபதுக்கு மேல். இரண்டரை ஏக்கர், ஒரு கிணறு, முப்பது தென்னை. முன்பு நெல்லும் வாழையும் போட்டதாகவும், தண்ணீர் கரித்த பிறகு ராகிகூட நிற்பதில்லை என்றும் சொன்னார். தேங்காய் எலுமிச்சை அளவுக்குச் சூம்பிப் போய்விட்டதாம். அதோடு, “ராத்திரியில ஒரு நாத்தம் வருதுங்க. முட்டை அழுவுன மாதிரி. மருமக கால்ல போட்ட வெள்ளிக் கொலுசு மாசத்துல கறுத்துப் போவுது” என்றார். எழுந்து ஆட்சேபித்தேன். இது தண்ணீர் வழக்கு. காற்றுக்கு 1981-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. கொலுசுக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. ஆட்சேபம் ஏற்கப்பட்டது. கொலுசு பதிவாகவில்லை.

அவர் கிணற்றிலிருந்தும் மாதிரி எடுத்திருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் மாதிரிக்கு 21-ஆம் பிரிவின் கெடுபிடி கிடையாது, அது கழிவுநீர் இல்லை என்பதால். அந்த அறிக்கை சாட்சியமாக நின்றது. ஆனால் அந்த உப்பு யார் வீட்டு உப்பு என்று கிணறு சொல்லாது அல்லவா? அந்த ஓடைக்கு மேலே பதினோரு ஷாப்புகள் இருந்தன. அதையும் பெரியவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். விடுதலை.

வராந்தாவில் பெரியவர் என்னிடம் வந்தார். சண்டைக்கு வரவில்லை, நிஜமாகவே புரிந்துகொள்ளத்தான் வந்தார். “வக்கீல் சார், ரெண்டு பாட்டில்ல புடிச்சிருந்தா உப்பு இருந்திருக்குங்களா?” இருந்திருக்கும் என்றேன். “ஒரு பாட்டில்ல புடிச்சதால இல்லாம பூடுச்சா?” சீனியர் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தோல் எப்படிப் பதமாகிறது என்று போய்ப் பார்த்தேன். கட்சிக்காரரே சுற்றிக் காட்டினார், பாவம். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் பூசி வரும். முதலில் ஊறவைக்கிறார்கள், அந்த உப்பு முழுக்கத் தண்ணீருக்கு வந்துவிடுகிறது. அடுத்தது சுண்ணாம்புக் குழி. முடி உதிரச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அதற்கப்புறம் அமிலம், பிறகு குரோமியம். அந்தக் காலத்து ஆவாரம்பட்டை முறை மெள்ள மறைந்து, சில மணி நேரத்தில் வேலையை முடிக்கிற குரோம் டிரம் வந்துவிட்டது. சுண்ணாம்புக் குழித் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முட்டை அழுகிய நாற்றம் அதுதான். வெள்ளி அந்த வாயு பட்டால் கறுக்கும். மருமகளின் கொலுசு அந்த ஊரின் காற்றை மாதக் கணக்கில் அளந்துகொண்டிருந்திருக்கிறது. அதைத்தான் நான் பதிவாகாமல் தடுத்திருக்கிறேன். சட்டப் புத்தகத்தில் நீருக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. குழி ஒன்றுதான்.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. இரண்டு வாய்க்காலைத் தனித்தனியாக ஓட விட்டாலே நாற்றம் பாதி போகும். சல்பைடைக் காற்றூதி முறிக்கலாம். குரோமியத்தைக் காரம் சேர்த்துப் படியவைத்துத் திரும்ப டிரம்முக்கே அனுப்பலாம், முதலாளிக்கும் காசு மிச்சம். உப்புதான் அடங்காதது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வளர்க்கும் நுண்ணுயிர்கள் தோலில் இருந்து வரும் கொழுப்பையும் புரதத்தையும் தின்னும், உப்பைத் தொடாது. கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்று வரம்பு. அதற்குள் கொண்டுவர சவ்வூடு வடிகட்டி, கொதிகலன், ஆவியாக்கி எல்லாம் வேண்டும். கடைசியில் கையில் நிற்பது ஒரு உப்புக் குவியல். மழை பெய்தால் அதுவும் ஓடைக்குத்தான். அதனால்தான் ஊறவைக்கும் முன்பே தோலை உதறி உப்பை எடுக்கச் சொல்கிறார்கள். ஆளுக்குக் கூலி ஆகிறதே என்று அதைத்தான் தள்ளிப்போட்டார்கள்.

1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டுவிட்டது என்று வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதும், திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 பாழானதும் அதில் இருந்தன. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. ஒவ்வொரு ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு வரி: தன் தொழில் சுற்றுச்சூழலைக் கெடுக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம் தொழில் நடத்துகிறவருடையது. நான் நாலு வருஷத்துக்கு முன் பெரியவரிடம் கேட்ட கேள்வி, ‘பதினோரு ஷாப்பில் எது?’, இனி பதினோரு பேரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அது குற்ற வழக்கு, இது இழப்பீடு, இரண்டுக்கும் அளவுகோல் வேறு என்று சீனியர் சொன்னார். சரிதான். ஆனாலும் அந்த வாரமே அவரிடம் சொல்லிக்கொண்டு தனியாக ஆபீஸ் போட்டேன்.

இழப்பைக் கணக்கிட ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஆணையம் வந்தது. விவசாயிகள் சிலருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அதில் பெரியவரும் ஒருவர். என்னை அடையாளம் தெரிந்தது. “இப்ப எத்தனை பாட்டில் சார்?” என்று கேட்டார். கையெழுத்து மட்டும் போதும் என்றேன். ஆணையம் 2001-இல் 547 ஷாப்புகளைப் பொறுப்பாக்கி, 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. ஆளுக்குப் பிரித்தால் பத்தாயிரத்தை எட்டாது. பணம் வந்தபோது பெரியவர் இல்லை. மகன் வாங்கினார், நிலத்தை அதற்குள் மனையாகப் பிரித்திருந்தார்கள்.

பட்டியலில் இருந்த எல்லோருக்கும் பணம் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடுத்து முடிக்கச் சொன்னது. பாலாற்றைச் சீர்படுத்த ஒரு குழுவை அமைக்கவும் உத்தரவிட்டது.

உங்கள் ஊர் ஓடையில் கழிவு ஓடுகிறது என்று புகார் கொடுத்து, மாதிரி எடுக்க அதிகாரி வந்தால், கூட்டமாகச் சத்தம் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நோட்டீஸ் கொடுத்தாரா, இரண்டு பாட்டிலா, சீல் அங்கேயே வைத்தாரா, கையெழுத்து வாங்கினாரா என்று பாருங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது அதைத்தான்.