அடியில் எழுதிய பெயர்

டெக்சாஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரன் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. புதரில் விழுந்தால் தேடி மாளாது. அதற்காக ஒரு ப்ளூடூத் டேக் ஒட்டினான். செல்போனில் தொட்டால் கீச்கீச்சென்று கத்தும். ஆனால் 175 கிராம் தட்டில் 11 கிராம் கூடியதும் பறக்கும்போது கோணிக்கொண்டு போகிறதாம், பிய்த்துவிட்டான்.

போன வாரம் அந்தத் தட்டு குளத்தில் விழுந்தது. மறைந்த என் மனைவி அவனுக்கு வாங்கித் தந்தது. டேக் இருந்திருந்தாலும் தண்ணீருக்கடியிலிருந்து சிக்னல் வந்திருக்காது. பிள்ளை அன்று சாப்பிடவே இல்லை.

நேற்று முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்தார், தட்டு கிடைத்ததென்று. அடியில் பெயரும் நம்பரும் எழுதச் சொன்னவள் அவள்தான். அவளும் டீச்சராயிற்றே!