மண் இல்லாத பூச்சட்டிகள்

கோலாலம்பூரிலிருந்து தஞ்சோங் மாலிம் போகும் கொமூட்டர் ரயிலில் ரவாங், செரண்டா தாண்டினால் பத்தாங் காலி. கித்தா எனப்படும் ரப்பர் மரங்கள் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்துவிட்ட பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். வாசல் கம்பியில் வரிசையாகப் பூச்சட்டிகள் தொங்கின. எல்லாம் ஆர்க்கிட். ஒன்றிலும் ஒரு பிடி மண் இல்லை!

சென்னையில் என் ஆர்க்கிட்டை நான் செம்மண்ணிலும் தொழுவுரத்திலும்தான் நட்டேன். இரண்டே மாதத்தில் வேர் அழுகிப்போனது.

பெரியம்மாவின் சட்டிகள் சுட்ட மண்ணால் ஆனவை; சுற்றிலும் ஓட்டைகள். உள்ளே அடுப்புக்கரி. பேராக் மாநிலத்தின் கோலா செபெத்தாங் சூளைகளில் சதுப்புநில மரத்தைச் சுட்டு எடுக்கும் கரி இந்த நாட்டில் பெயர் பெற்றது.

"மண்ணே வேணாமா பெரியம்மா?"

"இது மரத்துல தொத்தி வளர்ற செடிய்யா. மண்ணுல பொதைச்சா மூச்சு முட்டிப் போவும்."

தண்ணீர் தெளித்தார். வெள்ளி நிறத்தில் இருந்த வேர்கள் என் கண்ணெதிரே பச்சையாயின! வேரைச் சுற்றி வெலாமன் என்ற பஞ்சுப் படலம் இருக்கிறது. காய்ந்தால் அதில் காற்று நிறைந்து வெண்மையாகத் தெரியும். நனைந்தால் உள்ளிருக்கும் பச்சையம் தெரியும். நீரை உறிஞ்சுவது அந்தப் படலம்தான். ஆனால் அது சீக்கிரம் காயவும் வேண்டும். தேங்காய் மட்டை ஈரத்தைப் பிடித்துவைத்து நாளடைவில் மக்கிப்போகும். நாள்தவறாமல் மழை கொட்டும் ஊருக்கு அது ஆகாது. கரி மக்குவதில்லை. வண்டா என்ற ஆர்க்கிட் வகைக்கோ மரக்கூடை மட்டும் போதும், வேர் காற்றிலேயே தொங்கும்.

மறுநாள் விடியலில் தெருவெல்லாம் மணம். சாலையோரத் தூங்குமூஞ்சி மரக் கிளைகளில் வெள்ளை வெள்ளையாகப் புறா ஆர்க்கிட். திடீர் மழையில் வெப்பம் சட்டென்று இறங்கினால், சுமார் ஒன்பது நாள் கழித்து அந்த வட்டாரத்துச் செடிகளெல்லாம் ஒரே நாளில் மலருமாம். சாயங்காலத்துக்குள் வாடிவிட்டன. அந்த மரத்தில் உரமிட்டவர் யார், சட்டி வைத்தவர் யார்? பட்டையைப் பற்றிய வேரும் காற்றும் மழையுமே போதுமாக இருந்தன.

நம் ஊர் வெயிலில் வெறும் கரி சீக்கிரம் காய்ந்துவிடும். கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டு கலந்துகொள்ளுங்கள். ஓட்டையுள்ள சட்டியாக வாங்குங்கள். மண்ணை மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.