சக்கரத்தின் குரல்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் புனேயில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஊர்ப் பேச்சே பெரும் பேச்சாகிவிடும். ரயிலில் இடம் கிடைக்காமையால், சென்ற ஆண்டு எங்கள் பழைய மாருதி 800 வண்டியிலேயே மதுரைக்குச் செல்ல முடிவு செய்தோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. இடையே கம்பட்கிக் கணவாயும் உண்டு.

புறப்பட ஒரு வாரம் இருக்கையில், வேகம் கூடக் கூட வளரும் ஓர் உறுமலைக் கேட்டோம். வலப்புறம் திருப்பினால் ஒலி மிகுந்தது. இடப்புறம் திருப்பினால் தணிந்தது. திரும்பும்போது பாரம் எதிர்ப்பக்கச் சக்கரங்களின்மீது சாய்வதால், கோளாறு இடப்பக்கத்தது எனத் துணிந்தோம். அப்பக்கத்துப் பின்சக்கரத்தை உயர்த்தி அசைத்தபோது ஆட்டம் தெரிந்தது. சுழற்றியபோது மணல் அரைபடுவது போன்ற கரகரப்பு. பேரிங் தேய்ந்திருந்தது.

“ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமே” என்றனர் சிலர். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியில் அவ்வாறு ஒத்திப்போட எங்களுக்கு மனம் வரவில்லை. தேய்ந்த பேரிங் சூடேறி இறுகினால் ஓடும் சக்கரம் நின்றுபோகும். சிதைந்தால் கழன்றும் போகலாம்.

குடியிருப்பின் முற்றத்திலேயே வேலையைத் தொடங்கினோம். பின்சக்கர டிரம்மை எடுக்கக் கைப்பிரேக்கைத் தளர்த்தியாக வேண்டும். ஆதலால் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, முதற் கியரில் நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கியின்மேல் வண்டியை அமர்த்தினோம். மூத்தவன் கையேட்டை உரக்கப் படித்தான். இளையவள் கழற்றியவற்றை வரிசை மாறாமல் தாம்பாளத்தில் அடுக்கினாள். டிரம்மின் நடுவே இரண்டு பேரிங்குகள். இடையே ஒரு குழல். பிரேக் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தோம். பழையவற்றைச் சுற்றிலும் சமமாகத் தட்டி எடுத்தோம். புதியவற்றை வெளிவளையத்தில் மட்டுமே அழுத்தி அமர்த்தினோம். உள்வளையத்தில் அடித்தால் குண்டுகளின் தடம் பள்ளமாகி, புதியதும் விரைவில் உறுமத் தொடங்கும். நட்டைக் கையேடு கூறும் அளவுக்கே முறுக்கி, புதிய ஸ்பிளிட் பின்னை மாட்டினோம்.

முன்சக்கரத்துக்கு இம்முறை பொருந்தாது. அங்கே பேரிங்கை அழுத்தி ஏற்ற எந்திரம் வேண்டும். அதைப் பட்டறைக்கு விடுவதே அறிவுடைமை.

வண்டியில் ஊர் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னரே, பாட்டை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, சக்கரம் என்ன சொல்கிறது என்று செவிகொடுத்துக் கேளுங்கள். ஊரில் வழிபார்த்திருக்கும் முதியோருக்கு நாம் தரக்கூடிய முதற் பரிசு, நலமாகப் போய்ச் சேர்வதேயாகும்.