பத்துக்கு ஐந்து

சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படிகள். படிகளை உயரமாக வெட்டியிருந்தால் எண்ணிக்கை குறைந்திருக்கும், முழங்கால்கள்தாம் தாங்கியிரா. ரேடியோ விமானத்துக்குப் புரொப்பெல்லர் தேர்வதும் இதே கணக்குதான் என்பதை நாங்கள் ஒரு விமானத்தை இழந்தே கற்றோம்.

புரொப்பெல்லரின் மேல் 10 × 5 என்று பொறித்திருக்கும். முதல் எண் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது, திருகாணி மரத்தில் இறங்குவதுபோல் ஒரு சுற்றில் அது காற்றில் முன்னேற வேண்டிய தூரம். முதலாவது கூடினால் இழுவை. இரண்டாவது கூடினால் வேகம். இரண்டையும் ஒருசேரக் கேட்டால் மோட்டார் திணறும்.

நாங்கள் கேட்டோம். நண்பர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் முந்தைய ஞாயிறு அது. ஆறு மாதம் அவர் பால்சா மரத்தில் இழைத்த விமானம், வறண்ட ஏரியின் மேல் 10 × 5-இல் நிதானமாகப் பறந்தது. எங்களுக்கு அது போதவில்லை. 11 × 7 மாட்டினோம். அதே சுழற்சிக்கு ஏறத்தாழ இரு மடங்கு திறன் வேண்டும். தரையிலேயே வாட் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். 1903-இல் பறப்பதற்கு முன் ரைட் சகோதரர்கள் புரொப்பெல்லரைச் சுழலும் இறக்கையாகக் கொண்டு மாதக்கணக்கில் வாதிட்டார்கள். நாங்கள் ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்தோம்.

மூன்றாம் வட்டத்தில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கருகியது. ரேடியோவுக்கு மின்சாரம் தந்ததும் அதுவே. எங்கள் விசைகளுக்குச் செவிசாய்க்காமல் விமானம் சீமைக்கருவேல முள்ளில் போய் விழுந்தது.

நண்பர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கழற்றி வைத்திருந்த 10 × 5-ஐ மட்டும் கேட்டு வாங்கித் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார்.